டிரெய்லரில் ஏற்றும் பார்பிக்யூ அடுப்பு: எடை எவ்வளவு வரும்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இரும்புத் தகட்டில் சொந்தமாக ஒரு பார்பிக்யூ அடுப்பு செய்கிறேன். 610 மி.மீ விட்டம், 1.5 மீட்டர் நீளத்தில் படுக்கை உருளை. அதன் ஒரு முனையில் 600 மி.மீ சதுரமும் அதே உயரமும் கொண்ட நெருப்புப் பெட்டி. எல்லாம் 6 மி.மீ தகடு. பெட்டியின் தரையில் தீச்செங்கல் பரப்ப எண்ணம். 7க்கு 4 அடி டிரெய்லரில் நிரந்தரமாகப் பொருத்த வேண்டும். டிரெய்லருக்கு பிரேக் கிடையாது, வெறும் எடை 250 கிலோ. "அடுப்பு 300 கிலோவுக்குள் அடங்கும்" என்கிறார் நண்பர். நம்பலாமா?
- ஒரு வாசகர், மெல்போர்ன்

பதில்: நம்ப வேண்டாம். அவர் பாதியில் நிறுத்திய கணக்கு அது. முழுதாகப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

மனதில் வைக்க ஒரே ஓர் எண் போதும்: ஒரு சதுர மீட்டர் பரப்பும் 1 மி.மீ கனமும் உள்ள இரும்புத் தகடு 7.85 கிலோ. உங்கள் 6 மி.மீ தகடு சதுர மீட்டருக்கு 47.1 கிலோ. வளைத்தாலும் மடித்தாலும் தகட்டின் எடை அதேதான், எனவே பரப்பைப் பிடித்தால் எடை கையில்.

உருளைக்கு: வெளிவிட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.02466ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கான எடை. 604 × 6 × 0.02466 = 89.4. ஒன்றரை மீட்டருக்கு 134 கிலோ. இரு முனை வட்டத் தகடுகள் 27.5 கிலோ. நெருப்புப் பெட்டிக்கு ஆறு முகம், முகத்துக்கு 0.36 சதுர மீட்டர். மொத்தம் 102 கிலோ. இதுவரை 263.5. நண்பரின் 300 இங்கேதான் முடிந்திருக்கும்.

மூடியை உருளையிலிருந்தே வெட்டி, கீல் வைத்துத் திரும்ப மாட்டுவீர்கள். எனவே அதைத் தனியாகக் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை. ஆனால் மூடியின் ஓரத்தில் புகை கசியாமல் இருக்க வைக்கும் 40 × 6 பட்டையைச் சேர்க்க வேண்டும். மூன்று மீட்டர் என்றால் 6 கிலோ. கிரில் எடையைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 1.4 மீட்டர் நீளத்துக்கு 25 மி.மீக்கு ஒன்றாக 10 மி.மீ கம்பி வைத்தால் 56 கம்பிகள். சுமார் 32 மீட்டர், 20 கிலோ. சுற்றிலும் ஆங்கிள் சட்டம் 4 கிலோ. நெருப்புப் பெட்டிக்குள் விறகு தாங்கும் 16 மி.மீ கம்பித் தட்டு 11 கிலோ. 4 இஞ்ச் புகைபோக்கிக் குழாய் 90 செ.மீக்கு 11 கிலோ. கால்களுக்கும் அடிச்சட்டத்துக்கும் 50 × 50 × 3 சதுரக் குழாய் பத்து மீட்டர் வேண்டியிருக்கும்: (50 − 3) × 3 × 0.0314 = மீட்டருக்கு 4.43, ஆக 44 கிலோ. பக்கவாட்டுப் பலகை 3 மி.மீ தகட்டில் 11. கீல், கைப்பிடி, மூடியைத் தூக்க உதவும் எதிர்எடை எல்லாம் 12.

இந்தச் சில்லறை மட்டும் 119 கிலோ! மொத்தம் 382. வெல்டு, பெயின்ட், போல்ட்டுக்கு 2 சதவீதம் சேர்த்தால் 390. தகடு சொன்ன கனத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வரலாம். விட்டுப்போன துண்டும் ஏதாவது இருக்கும். அதற்கு 5 சதவீதம் சேர்த்து 410 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சாலைக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஜிடிஎம் 750 கிலோவைத் தாண்டக்கூடாது. காரில் மாட்டிய நிலையில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் எடை ஜிடிஎம். காரில் மாட்டாமல் தனியாக நிற்கும்போது உள்ள மொத்த எடை ஏடிஎம் (பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல). டிரெய்லரில் அறைந்திருக்கும் தகட்டில் ஏடிஎம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குள் நில்லுங்கள். டிரெய்லர் 250, அடுப்பு 410, தரையில் 14 தீச்செங்கல் 53 கிலோ, ஆக 713. பார்த்தால் தப்பித்த மாதிரி இருக்கும். விறகு, கரி 30 கிலோ, ஐஸ் பெட்டியும் பாத்திரமும் 40 கிலோ ஏற்றியதும் 783. உங்கள் தகட்டில் ஏடிஎம் 750 என்று இருந்தால் அதைத் தாண்டியாயிற்று. வீட்டு வாசலில் சரியாக இருக்கும் வண்டி, விருந்துக்குக் கிளம்பும்போதுதான் தப்பாகிறது.

இதற்கு எங்கள் யோசனை: உருளையையும் அதன் முனைத் தகடுகளையும் 4 மி.மீயில் செய்யுங்கள். சுமார் 55 கிலோ குறைந்து, அடுப்பு 355க்கு வரும். நெருப்புப் பெட்டியில் மட்டும் 6 மி.மீயைக் குறைக்காதீர்கள், மெல்லிய தகடு நாலைந்து தடவை பழுத்த பிறகு உப்பிக்கொள்ளும், கதவு மூடாது. உருளையை 4 மி.மீ ஆக்குவதில் ஒரு நஷ்டம் உண்டு. குளிர்காலத்தில் வெப்பம் சீக்கிரம் இறங்கும், விறகு கொஞ்சம் கூட ஆகும். செங்கலைச் சிமென்ட் வைத்துப் பூசாமல் சும்மா அடுக்குங்கள்; பயணத்தில் அவை கார் டிக்கியில் வரட்டும். பூசிய செங்கல் எப்படியும் டிரெய்லர் ஆட்டத்தில் விரிசல் விட்டுவிடும். இப்படிச் செய்தால் ஐஸ் பெட்டி, விறகோடு 675 கிலோ. தாராளமாக இடம் இருக்கிறது.

எடையைவிட எங்களுக்குக் கவலை தருவது அது உட்காரும் இடம். டோ பாலில் (டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் உள்ள இரும்பு உருண்டை) இறங்கும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். (உங்கள் காரும் டோ பாரும் தாங்கும் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்.) குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். உங்கள் அடுப்பின் நீளம் 2.1 மீட்டர், டிரெய்லர் தளம் 2.13. முன்னே பின்னே நகர்த்த இடமே இல்லை. எந்த முனை முன்னால் என்பது மட்டும்தான் உங்கள் கையில். 355 கிலோ அடுப்பின் ஈர்ப்பு மையம், நெருப்புப் பெட்டியின் வெளி விளிம்பிலிருந்து சுமார் 1 மீட்டரில் வருகிறது. அச்சு, தளத்தின் முன்விளிம்பிலிருந்து 1.15 மீட்டரிலும் டோ பாலிலிருந்து 2.35 மீட்டரிலும் இருக்கிறது என்று கொள்வோம்; நீங்கள் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். நெருப்புப் பெட்டியை முன்னால் வைத்தால் 355 × 0.15 ÷ 2.35 = 23 கிலோ டோ பாலில் கூடும். பின்னால் வைத்தால் ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட அச்சின் மேலேயே விழுந்து, கூடுவது 3 கிலோதான். புகை காரிலிருந்து தள்ளிப் போகட்டும் என்று பலர் பெட்டியைப் பின்னால் வைக்கிறார்கள். நிறுத்திச் சமைக்கும்போது காரைக் கழற்றிவிடத்தானே போகிறீர்கள்? முன்னால் வையுங்கள். இன்னும் குறைந்தால் கருவிப் பெட்டியை இழுகம்பியின் மேல் பொருத்தினால் சரியாகிவிடும்.

கால்களைத் தளத்தின் மெல்லிய தகட்டில் போல்ட் போடாதீர்கள். அடியில் உள்ள குறுக்குச் சட்டத்தில், 6 மி.மீ துணைத்தகடு வைத்து, 12 மி.மீ 8.8 தர போல்ட் நான்கு. ஆஸ்திரேலியச் சுமைக்கட்டு விதிப்படி முன்னோக்கி எடையின் 0.8 மடங்கையும், பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 மடங்கையும் கட்டு தாங்க வேண்டும். 355 கிலோவுக்கு முன்னோக்கி 284 கிலோ. எல்லாம் முடிந்ததும் பொது எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: பழைய எண்ணெய் டிரம்மைப் பாதியாகப் பிளந்து செய்த அடுப்பு ஒன்று கைமாறி வந்தது. தகட்டின் கனமும் தெரியாது, யாரோ உள்ளே கண்டதையும் வெல்டு செய்திருக்கிறார்கள். எடைமேடைக்குப் போகாமல் எடை பார்க்க வழி உண்டா?
- ஒரு வாசகர், லண்டன்

பதில்: வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். ஒரு முனையின் இரு கால்களுக்கு அடியில் கெட்டிப் பலகை, பலகைக்கு அடியில் மெஷின். மறுமுனைக் கால்களை அதே உயரத்துக்கு மரக்கட்டையில் நிறுத்துங்கள். எடையைக் குறித்துக்கொண்டு முனை மாற்றிப் பாருங்கள். 62, 48 என்று வந்தால் மொத்தம் 110; பலகையின் எடையை ஒவ்வொரு தடவையும் கழிக்க மறக்க வேண்டாம். கால்களுக்கு இடையே 1.2 மீட்டர் என்றால் ஈர்ப்பு மையம் கனமான முனையிலிருந்து 48 ÷ 110 × 1.2 = 52 செ.மீ. ஒரே அளவையில் இரண்டு விடை.

கம்பளத்தின் மேல் மெஷினை வைத்தால் தப்பாகக் காட்டும். சிமென்ட் தரையில் வையுங்கள். ஒரு முனையே மெஷினின் அளவைத் தாண்டினால் இரண்டு மெஷினைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் கூட்டுங்கள்.

வெறும் 200 லிட்டர் டிரம் 17 முதல் 20 கிலோதான்; அதற்கு மேல் வருவதெல்லாம் கால், கம்பி, சட்டம். பிரிட்டனிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்குச் சுமையோடு 750 கிலோதான் உச்சம். கூடவே, அது காரின் வெறும் எடையில் பாதியைத் தாண்டக்கூடாது. 1,200 கிலோ கார் என்றால் 600தான், 750 அல்ல.

கேள்வி: எங்கள் பட்டறையில் கேஜ் (கனத்தைக் குறிக்கும் எண்) கணக்கில்தான் தகடு வாங்குகிறோம். அமெரிக்க வரைபடம் ஒன்று வந்திருக்கிறது, அதிலும் கேஜ்தான். அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டுக்கு எடை வேறா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: எடுக்காதீர்கள். நாம் புழங்குவது பிரிட்டிஷ் கேஜ். 16 கேஜ் நமக்கு 1.63 மி.மீ, அமெரிக்க இரும்புத் தகட்டில் 1.52. 14 கேஜ் 2.03க்கு 1.90. 10 கேஜில் திசையே மாறுகிறது: நமக்கு 3.25, அவர்களுக்கு 3.42. வரைபடத்தில் மி.மீ எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். குழாயிலும் இதே வம்புதான். 4 இஞ்ச் பைப் என்பது பெயர்; அதன் வெளிவிட்டம் 114.3 மி.மீ, 101.6 அல்ல.

8க்கு 4 ஷீட் 1 மி.மீ கனத்துக்கு 23.4 கிலோ என்று சுவரில் எழுதி வையுங்கள். 2 மி.மீக்கு 47, 3 மி.மீக்கு 70. எஸ்.எஸ். 304 நூற்றுக்கு ஒன்று கூடுதல், அவ்வளவே. மதிப்பீட்டில் கண்டுகொள்ள வேண்டாம். கம்பிக்குக் கட்டடக்காரர்களின் சூத்திரமே போதும்: விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டர் எடை. ஜி.ஐ. தகட்டின் துத்தநாகப் பூச்சு எடையில் அற்பம்தான், ஆனால் நெருப்பு படும் இடத்தில் அதைப் போடவே கூடாது. சூட்டில் துத்தநாகம் புகையாகி வரும்.

கேள்வி: வெல்டிங் ராடு எடையைத் தனியாகக் கூட்ட வேண்டுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: 3.15 மி.மீ, 350 மி.மீ நீள ராடின் உள்கம்பி 21 கிராம்தான். அதிலும் பிடிக்குள் நிற்கும் முனைத் துண்டைத் தூக்கி எறிகிறோம், பூச்சு கசடாக உதிர்ந்துவிடுகிறது. நூறு ராடு எரித்தாலும் அடுப்பில் ஏறுவது 2 கிலோவுக்கும் குறைவு.