சட்டம் கேளுங்கள்: ஹைகோர்ட் ஜட்ஜ் ஆவதற்கு என்ன பரீட்சை?

கலெக்டர் ஆக ஐ.ஏ.எஸ். எழுதுகிறோம். ஹைகோர்ட் ஜட்ஜ் ஆக எந்தப் பரீட்சை எழுத வேண்டும் மேடம்?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

பரீட்சை எதுவும் கிடையாதம்மா. இந்தியக் குடிமகளாக இருக்க வேண்டும். உயர் நீதிமன்ற வக்கீலாகப் பத்தாண்டு, அல்லது நீதித்துறைப் பதவியில் பத்தாண்டு. அரசியல் சட்டத்தின் 217-வது பிரிவு கேட்பது அவ்வளவுதான். யார் என்று தேர்வு செய்வது கொலீஜியம்: அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும். அவர்கள் அனுப்பும் பெயர் மாநில அரசு, ஆளுநர் கருத்தோடு டெல்லி போகும். உளவுத்துறை விசாரிக்கும். உச்ச நீதிமன்றக் கொலீஜியம் சலித்தெடுக்கும். கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து.

அந்தக் கடைசிப் படிக்கு முன்னால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மத்திய அரசு ஆட்சேபம் சொல்லிப் பெயரைத் திருப்பி அனுப்பலாம். உச்ச நீதிமன்றக் கொலீஜியம் அதே பெயரை ஒருமனதாக மறுபடி அனுப்பினால் நியமித்தே ஆக வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்பு. ஆனால், திருப்பியும் அனுப்பாமல் நியமிக்கவும் செய்யாமல் ஃபைலைக் கிடப்பில் போட்டால்? ‘ஜட்ஜ் ஆகப் போகிறாராம்’ என்று வராந்தாவில் பேச்சு கிளம்பியதுமே அந்த வக்கீலிடம் புதுக் கட்சிக்காரர்கள் வருவது நின்றுவிடும். வக்காலத்து வாங்கினால் பாதியில் விட நேருமே என்று அவரும் தயங்குவார். காத்திருந்து வெறுத்துப்போய் சம்மதத்தைத் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர் முதலில் பதவியேற்றால், சீனியாரிட்டி போனது போனதுதான். இதற்குக் காலக்கெடு வைத்துச் சட்டம் வந்தே தீர வேண்டும்.

‘கூடுதல் நீதிபதி’ என்றால் அதிகாரம் குறைவா?
– வாசகர், திண்டுக்கல்

இல்லை. அதிகாரம் ஒன்றேதான். நியமனம் மட்டும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு, பிறகு நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமாக்கும் ஃபைலும் அரசு வழியாகத்தான் போக வேண்டும்; அந்த இரண்டு ஆண்டில் அதே அரசுக்கு எதிரான வழக்குகளும் அவர் முன் வரும் என்பதுதான் எனக்குக் கவலை.

பிடிக்காத நீதிபதியை அரசு வீட்டுக்கு அனுப்ப முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

முடியாது ஐயா. மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்டுத் தீர்மானம் கொடுக்க வேண்டும். மூவர் குழு விசாரித்துக் குற்றம் நிரூபணமானால், இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். 2011-ல் கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னுக்கு எதிரான தீர்மானம் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவைக்குப் போகுமுன் அவரே ராஜினாமா செய்தார்.

ஆனால் இடமாற்றம் செய்யலாம். 2019-ல் சென்னைத் தலைமை நீதிபதி தஹில்ரமானியை மேகாலயாவுக்கு மாற்ற உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைத்தது. மறுபரிசீலனை கேட்டார், கிடைக்கவில்லை, ராஜினாமா செய்தார். 75 நீதிபதி இடங்கள் உள்ள நீதிமன்றத்திலிருந்து மிகச் சிறிய நீதிமன்றத்துக்கு! காரணத்தை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

மற்றபடி 62 வயதில் ஓய்வு. 2013-ல் நீதிபதி கே.சந்துரு பிரிவு உபசார விழாவே வேண்டாம் என்று சொல்லி, சொத்துக் கணக்கைக் கொடுத்துவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். நிரந்தர நீதிபதியாக இருந்தவர் ஓய்வுக்குப் பின் உச்ச நீதிமன்றத்திலும் பிற மாநில உயர் நீதிமன்றங்களிலும் வாதாடலாம். தான் நீதிபதியாக இருந்த நீதிமன்றத்தில் கூடாது.