மஞ்சள் அட்டையை ஏஜென்ட்டிடம் வாங்காதீர்கள்

திருச்செங்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: "உகாண்டாவில் கரமோஜா பக்கம் போர்வெல் ரிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. எட்டு நாளில் விமானம். ஊசி போட நேரமில்லை, பழைய தேதி போட்டு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை நானே வாங்கித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?"

வாங்கவே வாங்காதீர்கள். விமானத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர அவ்வளவு நாள் பிடிக்கும். பழைய தேதி போட்ட அட்டை உங்களை விமானம் ஏற்றிவிடலாம், காய்ச்சலிலிருந்து காப்பாற்றாது. இந்த நோய் கல்லீரலைத் தாக்கினால் அதை முறிக்கத் தனி மருந்து கிடையாது. நீங்கள் போர் போடப் போவது தண்ணீரே இல்லாத ஊர்களில். அங்கே நல்ல ஆஸ்பத்திரி மட்டும் பக்கத்தில் இருக்குமா?

ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், துறைமுக சுகாதார அலுவலகம் இரண்டிலும் போடுகிறார்கள். ரிக் வண்டிகளைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கே அனுப்பும் ஊர்க்காரர், ஒரு ஊசிக்கு இத்தனை தூரம் அலைய வேண்டியிருக்கிறது. மருந்துக் குப்பியைத் திறந்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாளில்தான் கூப்பிடுவார்கள். மாவட்டத்துக்கு ஒரு மையம் வைத்திருந்தால் இந்த ஏஜென்ட்டுகளுக்கு வேலையே இருக்காது. எத்தனை முறை சொன்னாலும் கேட்பாரில்லை.

அட்டை கைக்கு வந்ததும் அங்கேயே நின்று சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், பாஸ்போர்ட் எண், மருந்தின் பேட்ச் எண், டாக்டரின் பேனாக் கையெழுத்து, மையத்தின் முத்திரை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தாலும் செல்லாது என்று விமான நிலையத்தில் சொல்லிவிடலாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். 2016 ஜூலையிலிருந்து இதுதான் விதி. பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள்.

உங்கள் தம்பி மொசாம்பிக் போகிறார், திரும்பும்போது எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் விமானம் மாறுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். மொசாம்பிக்கில் இந்த நோய் இல்லை, எத்தியோப்பியாவில் உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமலே அடுத்த விமானம் ஏறினால் இந்தியாவில் அட்டை காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு, அதுவும் இங்குள்ள சுகாதார அதிகாரி ஒத்துக்கொண்டால்தான். விமானம் தாமதமாகி ஓட்டலில் தங்க வைத்தால் விலக்கு போச்சு. அட்டை இல்லையென்றால் 6 நாள் வரை தனிமை முகாமில் வைப்பார்கள். இந்தக் காய்ச்சல் இந்தியாவில் கிடையாது, ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே இருக்கிறது. அதனால்தான் இத்தனை கெடுபிடி. தாமதம் நம் கையில் இல்லை. தம்பியும் ஊசி போட்டுக்கொள்ளட்டும்.

முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இந்த ஊசி மலேரியாவைத் தடுக்காது. அதற்குத் தனி மாத்திரை, கொசுவலை. ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்காவில் இருந்தேன் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி, அன்றே ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.