செஞ்சோற்றுக்கடன் என்ற தொடர் எங்கிருந்து வந்தது? உதவிய நண்பன் தவறு செய்தாலும் உடன் நிற்க வேண்டுமா?

கல்லூரிக் கட்டணம் கட்டிப் படிக்க வைத்த நண்பர் இன்று ஒரு வழக்கில் பொய்ச் சாட்சி சொல்ல அழைக்கிறார் என்றும், மறுத்தால் செஞ்சோற்றுக்கடன் மறந்தவன் என்ற பெயர் வருமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அச்சத்துக்கு விடை அந்தத் தொடரின் வரலாற்றிலேயே இருப்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

செஞ்சோற்றுக்கடன் என்பது அடிப்படையில் போர்க்களத்தின் சொல். தன்னை உண்பித்துக் காத்த தலைவனுக்காகக் களத்தில் உயிரைக் கொடுப்பது வீரனின் கடமை என்பதே அதன் பொருள். போருக்கு முன் அரசன் வீரர்களுக்குச் சோறு வழங்குவதைத் தொல்காப்பியம் ‘பெருஞ்சோற்று நிலை’ என்று ஒரு துறையாகவே வகுத்திருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற பழமொழியும் இந்த உணர்வை ஒட்டியதுதான்.

இத்தொடரைக் கர்ணனோடு சேர்த்தே நாம் நினைப்பதற்கு, வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய மகாபாரதமான வில்லிபாரதம் முக்கியமான காரணம். போருக்கு முன் குந்தி கர்ணனைச் சந்தித்துப் பாண்டவர் பக்கம் வந்துவிடும்படி அழைக்கிறாள். துரியோதனனின் மனைவியோடு தனியிடத்தில் இருந்தபோது அவளுடைய மேகலை அறுந்து மணிகள் சிதறியதையும், அப்போது அங்கு வந்த துரியோதனன் சிறிதும் ஐயுறாமல் ‘எடுக்கவோ கோக்கவோ’ என்று கேட்டதையும் கர்ணன் அவளுக்கு நினைவுகூர்ந்து, அப்படிப்பட்டவனுக்காகக் களம் சென்று செஞ்சோற்றுக்கடன் கழிப்பதே தனக்குப் புகழும் தருமமும் என்று மறுக்கிறான். நட்பின் நம்பிக்கைக்கு இதைவிட உயர்ந்த காட்சியை நான் படித்ததில்லை. ஆனால் அந்த அழகிலேயே ஒரு மயக்கமும் பிறந்துவிட்டது: வீரன் தலைவனுக்குப் பட்ட கடனும் நண்பன் நண்பனுக்குச் செய்ய வேண்டியதும் ஒன்றே என்று பலரும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

கடன் கழிப்பவன்கூட வாய்மூடி இருக்க வேண்டியதில்லை என்பதற்குக் கம்பனின் கும்பகருணன் சான்று. பிறன் மனைவியைச் சிறைவைத்துவிட்டு மானம் பேசுவது தகுமா என்று அவன் மந்திராலோசனை அவையிலேயே இராவணனை இடித்துரைக்கிறான். போருக்காக எழுப்பப்பட்டபோதும், சீதையை விட்டுவிடு என்றே மீண்டும் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் களம் புகுகிறான். தன் பக்கம் வரும்படி வீடணன் அழைத்தபோது, நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்துவிட்ட அண்ணனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். பாரதத்தில் துரியோதனனின் தம்பி விகர்ணனும் அவ்வாறே பாஞ்சாலிக்காக அவையில் வாதாடிவிட்டு, பின்னர் அண்ணன் பக்கம் நின்றே மடிகிறான். அந்த அவையில் விகர்ணனைக் கடிந்து அடக்கியவன் கர்ணன் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

போர்க்கடமைக்குக் கட்டுப்பட்டவர்களுக்கே தவறை எடுத்துச் சொல்ல இவ்வளவு இடம் இருந்ததென்றால், நண்பருக்கு அதைவிடக் கூடுதலாகவே உண்டு. ‘நகுதற் பொருட்டன்று நட்டல் மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்கிறது குறள். இதில் ‘மேற்சென்று’ என்ற சொல்லை நான் மிகவும் மதிக்கிறேன். நண்பர் வந்து கேட்கும்வரை காத்திராமல், நாமே முற்பட்டுச் சென்று சொல்ல வேண்டும் என்று அது வற்புறுத்துகிறது.

என் நெருங்கிய நண்பர் ஒருவர், வீட்டுக் கடன் பெறுவதற்காக வருமானத்தைக் கூட்டிக் காட்டும் சான்றில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார். நான் மறுத்தேன், அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று, உண்மையான வருமானத்துக்குள் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சில வாரங்கள் அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிறிய வீடாகப் பார்த்து வாங்கிய பிறகு, புதுமனை புகுவிழாவுக்கு அவரே நேரில் வந்து அழைத்தார்.

ஆகவே, அவர் கட்டிய கட்டணத்தைப் பணமாகவே திருப்பிக் கொடுக்கத் தொடங்குங்கள். தவணையாகக் கொடுத்தாலும் போதும். உதவிக்கு ஈடாகப் பொய்யைக் கொடுக்க முடியாது என்பதைப் பிறர் முன்னிலையில் அல்லாமல் அவரைத் தனியே சந்தித்துச் சொல்லுங்கள். ‘அழிவின்கண் அல்லல் உழப்பதாம் நட்பு’ என்றும் குறள் சொல்வதால், மறுத்ததோடு விலகிவிடாதீர்கள். நல்ல வழக்கறிஞரைத் தேடித் தருவது, வாய்தா நாட்களில் உடன் செல்வது, அவர் குடும்பத்துக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்வது என்று பொய்யின்றிச் செய்யக்கூடிய உதவிகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் உங்களால் இயன்றதை, அவர் கோபமாக இருக்கும்போதே செய்யத் தொடங்குங்கள்.