கீழ்க் கோர்ட்டில் தோற்ற நில வழக்கு. இப்போது பழைய ரசீதுகள் கிடைத்திருக்கின்றன. மதுரை ஹைகோர்ட்டில் காட்டினால் ஜெயிக்கலாமா?

முன்சீப் கோர்ட்டில் தோற்று, சப் கோர்ட்டில் அப்பீல் நடந்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் மதுரை வரை காத்திருக்காதீர்கள், ரசீதை இப்போதே சப் கோர்ட்டில் போடுங்கள். நான் வக்கீல் இல்லை, திருத்த வருகிறவர்கள் தாராளமாகத் திருத்துங்கள், ஆனால் பட்டதைத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டம் தேவிபட்டினம் பக்கம் கடலோரத்தில் ஒரு பனங்காடு. வரப்பை ஒட்டிய பதினோரு மரம் யாருக்கு என்று பங்காளியோடு வழக்கு. சப் கோர்ட்டில் அப்பீல் நடக்கும்போதே தகரப்பெட்டியில் தாத்தா காலத்துக் கிஸ்தி (நிலவரி) ரசீதுகள் கிடைத்தன. எங்கள் வக்கீல் “மதுரையில் பார்த்துக்கலாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 41, விதி 27-ல், ஏன் முன்னாலேயே கொடுக்க முடியவில்லை என்று காரணம் காட்டி முதல் அப்பீலிலேயே புது ஆவணத்துக்கு மனு போடலாம் என்பது எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது.

அங்கேயும் தோற்று, விடிகாலை பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். கரையான் ஓரம் அரித்த ரசீதுகளை மஞ்சள் பையில் சுருட்டி அப்பா மடியில் வைத்திருந்தார். இரண்டாம் மேல்முறையீட்டில் பிரிவு 100-ன்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் உள்ளே எடுப்பார்கள். நீதிபதி கேட்டதும் அதைத்தான். பத்து நிமிஷம், உள்ளே எடுக்கலாமா என்று பார்க்கும் அட்மிஷனிலேயே தள்ளுபடி. வெளியே வந்து அப்பா, “ரசீதை ஒருத்தரும் விரிச்சுக்கூடப் பாக்கலையேப்பா” என்றார். நீதிபதியைக் குறை சொல்லவில்லை, சட்டம் அப்படி. கீழே ஆதாரத்தைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியிருந்தால் அது சட்டக் கேள்வியாகும் என்பார்கள், சரிதான், ஆனால் எங்கள் ரசீது கீழே பதிவாகவே இல்லையே.

மதுரைக் கிளை வந்தது 2004 ஜூலையில். அதற்கு முன்னால் நம் மாவட்டத்துக்காரர்கள் இதற்கும் சென்னைக்குத்தான் போகணும். அப்பீல் போட சப் கோர்ட்டுக்கு 30 நாள், ஹைகோர்ட்டுக்கு 90 நாள் கெடு. நகல் வாங்கும் நாளைக் கழித்துக்கொள்வார்கள், அதனால் தீர்ப்பன்றே நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.

அந்தப் பதினோரு மரமும் இப்போது இல்லை. பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. அதற்கு அப்புறம்தான் பங்காளி செங்கல் சூளைக்கு ஏற்றினார். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. காய்ப்புக்கு வர பதினைந்து வருஷம் ஆகும் மரம், ஒரே காலையில் லாரியில் போய்விட்டது.