பெரியப்பா கேட்ட கேள்வியும் பென்சில் கோடும்

மெட்டு போடும் மகளை என்ன படிக்க வைப்பது என்று கேட்டு, முத்தியால்பேட்டையிலிருந்து அவளோடு வந்திருந்தீர்களே அம்மா, அன்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். இப்போது நேராகவே சொல்கிறேன். நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம். அவளுக்கே பிடிக்காத படிப்புக்கு நான்கு வருடம் வட்டி கட்டுவானேன்? பாட்டு உரிமையைப் பார்க்கும் வேலைக்குச் சட்டம் படிக்கட்டும்.

"பாட்டை எல்லாரும் ஓசியில் கேட்கிறான், பதிப்புரிமையே எதற்கு?" என்று அவள் பெரியப்பா கேட்டாராம். பாரதி நம் புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரை பணமுடையோடுதான் இருந்தார். அவர் பாட்டு நாட்டுடைமை ஆனது 1949-ல், அவர் போய் 28 வருடம் கழித்து. போனவர் பாட்டு ஊருக்குப் பொதுவாகட்டும், சந்தோஷம். இருக்கிறவர் அரிசி வாங்க வேண்டாமா? (எழுதியவர் ஆயுளுக்குப் பிறகும் 60 வருடம் பதிப்புரிமை என்கிற நம் சட்டம் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது.)

குறும்படத்துக்கு 3,000 ரூபாய்க்கு மெட்டு கொடுத்த ஒப்பந்தத்தை உங்கள் மகள் காட்டினாள். 'அனைத்து உரிமைகளும் தயாரிப்பாளருக்கே' என்ற வரியின் கீழே பென்சில் கோடு, ஓரத்தில் 'எத்தனை வருஷம்?' என்று அவள் கையெழுத்து. அவளுக்கு எந்தப் படிப்பு என்று தெரிய எனக்கு அது போதும். காலம் எழுதாவிட்டால் 5 வருடம்தான் என்கிறது 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். தியேட்டருக்கு வெளியே அந்த மெட்டு ஒலித்தால் வரும் உரிமைத் தொகையில், அதாவது ராயல்டியில், அவள் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதியே கொடுத்தாலும் செல்லாது. அந்தச் சட்டத்தின் 2012 திருத்தம் அப்படி.

அதனால் காலாப்பட்டு அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பு. அப்புறம் பாட்டு உரிமை வேலை. இசையமைப்பாளர், பாடலாசிரியருக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. மெட்டு யார், வரி யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒவ்வொரு பாட்டையும் அங்கே பதிய வேண்டும். இனிஷியல் மாறினாலே பணம் தேங்கிவிடும். இதையெல்லாம் பார்க்க மெட்டு போடுகிறவருக்கு நேரம் ஏது? ஆடியோ கம்பெனிக்கும், விளம்பரக்காரருக்கும், ஓ.டி.டி.க்கும் ஒப்பந்தம் படிக்க ஆள் வேண்டும். சுருதியும் ஒப்பந்த ஷரத்தும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு. முதல் சில வருடம் வக்கீல் ஆபீசில் சம்பளம் சொற்பம்தான், அதை மறைக்க மாட்டேன்.

இன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, போட்ட மெட்டையெல்லாம் தேதியோடு அவளை எழுதச் சொல்லுங்கள். பரணில் ஏற்றிய கீபோர்டையும் இறக்கிக் கொடுங்கள்.