காற்றுக்கு ஒரு வீச்சு, பந்துக்கு ஒரு வீச்சு

வணக்கம் ஐயா,

கட்டாரில் ஒரு கோல்ஃப் கழகத்தில் பல வருடங்கள் புல்தரைப் பராமரிப்பு வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். அங்கே ஓய்வு நாட்களில் எங்களையும் ஆட விடுவார்கள். அப்படிப் பிடித்த பைத்தியம் இது. வரும்போது ஒரு பழைய மட்டைப் பையையும் கொண்டுவந்தேன். எங்கள் தென்னந்தோட்டத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவே பழைய மீன்வலையைக் கட்டிப் பின்னேரங்களில் அதற்குள் அடித்துப் பழகுகிறேன். வீச்சு நன்றாக இருக்கிறது என்று பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோவிலும் அப்படித்தான் தெரிகிறது.

இடைக்கிடை நண்பர்களோடு திருகோணமலைச் சீனக்குடாவுக்கோ நுவரெலியாவுக்கோ போய் ஆடுவேன். அங்கேதான் மானம் போகிறது. பந்துக்குப் பக்கத்தில் நின்று மூன்று நான்கு தடவை சும்மா வீசிப் பார்ப்பேன், வடிவாக வரும். பந்துக்கு முன்னால் போய் நின்றதும் அந்த வீச்சு எங்கே போகிறதென்று தெரியவில்லை. ஒன்று, பந்துக்குப் பின்னால் மண்ணைக் கிண்டுகிறேன்; இல்லையென்றால் பந்தின் தலையில் தட்டி உருட்டிவிடுகிறேன். நுவரெலியாவில் தப்பித்தவறிச் சரியாகப் பட்ட அடிகளும் குழி இருக்கும் புல்தரையான கிரீனைத் தாண்டி மரங்களுக்குள் போய்விட்டன. “நீ பந்தில்லாமல் ஆடினால் சம்பியன்” என்று கூட வந்தவர்கள் சிரிக்கிறார்கள். பழகும்போது வரும் வீச்சை மைதானத்துக்குக் கொண்டுபோவது எப்படி? தூர அடிக்கும் மட்டையான டிரைவர் புதிதாக ஒன்று வாங்கினால் உதவுமா?

— ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர்கள் கேலியாகச் சொன்னதில் பாதி விடை இருக்கிறது. சும்மா வீசுவது ஒரு காரியம், பந்தை அடிப்பது இன்னொரு காரியம். கோல்ஃப் விதிகளே அவற்றைப் பிரித்துத்தான் வைத்திருக்கின்றன. பந்தை அடிக்கும் நோக்கத்தோடு மட்டையை முன்னோக்கி வீசினால்தான் அது ஓர் அடி. அந்த நோக்கம் இல்லாத வீச்சு கணக்கில் ஏறாது. பந்துக்கு முன்னால் போய் நின்றதும் உங்களுக்குள் நுழைகிற சனியன் அந்த நோக்கம்தான்.

அது என்ன செய்கிறது என்று பாருங்கள். பந்து புல்லில் கிடக்கிறது, எழும்பிப் பறக்க வேண்டும். அடியில் கைகொடுத்துத் தூக்கிவிடத்தான் எவருக்கும் தோன்றும். தூக்க நினைத்த மாத்திரத்தில் உடம்பின் பாரம் பின்காலிலேயே தங்கிவிடுகிறது. மட்டை போகிற வளைவின் மிகத் தாழ்ந்த இடம் பந்துக்குப் பின்னால் விழுகிறது. அங்கே தரை தட்டுப்பட்டால் மண் பறக்கும். தரைக்குத் தப்பி மேலே ஏறிக்கொண்டிருக்கும் மட்டை பந்தின் தலையில் பட்டால் பந்து உருளும். நீங்கள் இரண்டு நோய் என்று எழுதியிருப்பது உண்மையில் ஒரே நோய். சும்மா வீசும்போது தூக்குவதற்கு எதுவும் கிடையாது. பாரம் தானாகவே முன்காலுக்கு வந்துவிடுகிறது.

பந்தைத் தூக்குவது உங்கள் வேலையே இல்லை. உங்கள் பழைய பையில் இருக்கும் ஏழாம் இலக்க அயனின், அதாவது இரும்புத் தலை மட்டையின், முகம் 30 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். தூக்கும் வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். அயன்களில் மட்டை முதலில் பந்தையும் பிறகு தரையையும் தொட வேண்டும். இதைக் காது உடனே ஒத்துக்கொள்ளும். கை ஒத்துக்கொள்ள வருடங்கள் ஆகும்.

அடுத்துச் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். அந்தச் சும்மா வீச்சு நல்ல வீச்சு என்பதற்கு என்ன சாட்சி? பார்த்தவர்கள் உங்கள் தோளையும், வீசி முடித்து நிற்கும் தோரணையையும் பார்த்திருப்பார்கள். மட்டை தரையை எங்கே தொட்டது என்று பார்த்தவர் உண்டா? வங்கி வேலையாக நுவரெலியாவில் இருந்த காலத்தில் நான் பார்த்த சும்மா வீச்சுகளில் பெரும்பாலானவை புல்லைத் தொட்டதே இல்லை. காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்கும், ஆடியவர் திருப்தியாகத் தலையாட்டுவார், பந்துக்குப் போவார், மண்ணைக் கிண்டுவார்.

இதைச் சோதிக்க நம் ஊரில் நல்ல வசதி இருக்கிறது. விடியற்காலையில் கடற்கரைக்குப் போங்கள். கரைவலை இழுப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத இடமாகப் பார்த்து, அலை வந்துபோய் இறுகிய ஈரமணலில் கம்பால் ஒரு கோடு கிழியுங்கள். கோடு உங்கள் இரண்டு பாதங்களுக்கும் நடுவிலிருந்து நேர் முன்னே நீள வேண்டும். பந்து வேண்டாம். அயனால் வீசிவிட்டுக் குனிந்து மணலைப் பாருங்கள். மட்டை விட்ட தழும்பு கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கமாக நீண்டிருந்தால் சரி. கோட்டுக்கு நான்கு விரற்கடை பின்னால் தொடங்கியிருந்தால், வீச்சு எவ்வளவு வடிவாக இருந்தாலும் அது மண் கிண்டும் வீச்சுத்தான். ஆழமும் முக்கியம். மணலைச் சுரண்டியது போல மெல்லிய தழும்பு போதும்.

தழும்பு சரியான இடத்தில் விழப் பழகியதும், கோட்டின் மேல் ஒரு குரும்பட்டியை வையுங்கள். உங்கள் தோட்டத்தில் அதற்கா பஞ்சம்? இப்போது வீசுங்கள். வெறுங்கோட்டில் ஒழுங்காக விழுந்த தழும்பு, குரும்பட்டி வைத்ததும் பின்னால் நகர்கிறதா? நகர்ந்தால் மேலே சொன்ன சனியனை நேரில் கண்டுவிட்டீர்கள். குரும்பட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தழும்பு ஒரே இடத்தில் விழும்வரை வலைப் பக்கம் போக வேண்டாம்.

இனி அந்த வலை. நீங்கள் எழுதவில்லை, ஆனால் நடப்பது தெரியும். ஒரே அயனை எடுத்து, ஒரு வாளிப் பந்தை ஒரே இடத்தில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக அடிப்பீர்கள். பத்தாவது பந்தில் கை சூடாகிவிடும், இருபதாவது பந்தில் எல்லாம் கூடிவந்துவிடும். அந்த இருபதாவது பந்தைத்தான் ‘என்னுடைய வீச்சு’ என்று மனதில் எழுதிவைத்திருக்கிறீர்கள். மைதானத்தில் இருபதாவது பந்து கிடையாது. ஒவ்வொன்றும் முதற்பந்து.

1979இல் ஷீ, மோர்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பரீட்சித்தார்கள். கையால் செய்யும் மூன்று விதமான செயல்களை ஒரு குழு ஒவ்வொன்றாக, ஒன்றை முடித்த பின் மற்றதென்று பழகியது. இன்னொரு குழு மாற்றி மாற்றிக் கலந்து பழகியது. பழகும் நேரத்தில் முதற்குழுவே கெட்டியாகத் தெரிந்தது. பின்னொரு நாளில் சோதித்தபோது கலந்து பழகியவர்களே முந்தினார்கள். 1986இல் பூப்பந்தின் மூன்று வகை சேர்விஸ்களை வைத்து வேறு இருவர் செய்த ஆய்விலும் இதே கதைதான். பழகும்போது சுகமாக இருப்பதும் கையில் தங்குவதும் ஒன்றல்ல என்பது எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்து.

மட்டக்களப்புக்காரருக்கு இதை விளங்கப்படுத்தப் புத்தகம் தேவையில்லை. கூடைப்பந்து பார்த்து வளர்ந்த ஊர் நமது. தண்ட எறிகையைத் தனியாக நின்று நூறு தடவை எறிந்து பழகியவன், ஓடிக் களைத்து, மூச்சு வாங்க, சனம் கத்தும்போது கிடைக்கும் இரண்டு எறிகைகளைத் தவறவிடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! விபரம் தெரிந்த பயிற்றுநர் பிள்ளைகளை ஓடவிட்டுத்தான் எறியச் சொல்வார்.

உங்கள் தோட்டத்திலும் அப்படிச் செய்யலாம். வாளியை வீட்டில் வைத்துவிட்டு ஒரே ஒரு பந்தோடு போங்கள். சீனக்குடாவின் முதற்குழியை மனதில் வையுங்கள். டிரைவரால் ஓர் அடி. பந்தை எடுத்துக்கொண்டு வேலிவரை நடந்துவிட்டு வாருங்கள். அடுத்தது அந்தக் குழிக்கு என்ன மட்டை வேண்டுமோ அது. திரும்பவும் நடை. பிறகு, கிட்ட அடிக்கும் மட்டையான வெட்ஜ். பிழைத்தால் பிழைத்ததுதான், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. வலைக்குப் பின்னால் தெரியும் ஒரு குறிப்பிட்ட தென்னையை இலக்காக வையுங்கள். வலையையே இலக்காக வைத்தால் அது எப்போதும் தப்பாது. ஒரு மணி நேரத்தில் மிகக் குறைவாகவே அடித்திருப்பீர்கள், சலிப்பாகவும் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் குறைந்துவிடுவார்கள், அதுவும் நல்லதுக்கே.

மைதானத்துக்கு வருவோம். நான்கு மணி நேர ஆட்டத்தில் மட்டை உண்மையாக அசையும் நேரம் மிகக் கொஞ்சம். ஒரு முழு வீச்சு ஏறக்குறைய ஒன்றரை வினாடி. தொண்ணூறு அடி என்றால் மொத்தமே இரண்டேகால் நிமிடம். மிச்சமெல்லாம் நடையும் யோசனையும். யோசனைதான் கெடுக்கிறது. மேலிருந்து மட்டை இறங்கிப் பந்தைச் சேர ஆகும் நேரம் கால் வினாடி அளவு. ‘முழங்கையை ஒட்டி வை’ என்று மூளை சொல்லி முடிப்பதற்குள் பந்து போய்விடும். 2004இல் சியான் பெய்லொக் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் கிரீனில் பட்டர் என்ற உருட்டும் மட்டையால் பந்தைத் தட்டுவதை ஆராய்ந்தார்கள். புதியவர்கள் செய்முறையில் கவனம் வைத்தபோது நன்றாகத் தட்டினார்கள். கைதேர்ந்தவர்களோ கவனத்தை வேறு வேலைக்குத் திருப்பியபோதும் சீக்கிரம் தட்டச் சொன்னபோதும் நன்றாகத் தட்டினார்கள். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். என் கட்சி இதுதான்: முழங்கை, இடுப்பு, மணிக்கட்டு எல்லாவற்றையும் தென்னந்தோட்டத்தில் யோசியுங்கள். மைதானத்தில் இலக்கையும் வேகத்தையும் தவிர வேறு எதையும் நினைக்க வேண்டாம்.

மூன்று நான்கு தடவை சும்மா வீசுவதையும் விடுங்கள். 40 வினாடிக்குள் அடித்துவிடுவது நல்லது என்று விதிகள் பரிந்துரைக்கின்றன. பின்னால் காத்திருப்பவர்களுக்கும் அது நல்லது. ஒரே ஒரு தடவை வீசுங்கள், அதுவும் நிலத்தை விசாரிப்பதற்கு. உங்கள் தோட்டம் பாய் விரித்தது போலச் சமதரை. நுவரெலியாவில் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்கும் இடங்களைத் தேட வேண்டும். பந்துக்குப் பக்கத்தில், அதே சரிவில் நின்று வீசி, மட்டை புல்லை எங்கே தொடுகிறதென்று பாருங்கள். இறங்குசரிவில் அது வழக்கத்தைவிடப் பின்னால் தொடும். அந்தச் செய்தி கிடைத்ததும் பந்தை எங்கே வைத்து நிற்பதென்று தெரிந்துவிடும். வலக்கைக்காரருக்குப் பந்து பாதத்தைவிட உயரமாகக் கிடந்தால் இடப்பக்கம் போகும், தாழ்வாகக் கிடந்தால் வலப்பக்கம். இதைத் தெரியாமல் அடித்துவிட்டு வீச்சைக் குறை சொல்வது அநியாயம். பார்த்து முடித்ததும் இலக்கை ஒரு தரம் நோக்கி, கால் வைத்து, அடித்துவிடுங்கள். பந்தின் மேல் குனிந்துகொண்டே நிற்க நிற்கக் கை இறுகும்.

கிரீனைத் தாண்டிய பந்துகளுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். நீங்கள் பழகுவது கடல் மட்டத்தில். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐதானது, பந்தை அவ்வளவு தடுக்காது. முழு வீச்சில் பந்து ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பறக்கும். குளிர் அதில் கொஞ்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். இங்கே 140 யார் போகும் மட்டை அங்கே 150ஐத் தாண்டும். 1889இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் ஃபெயர்வேக்கள், அதாவது குழிக்குப் போகும் புல்வெளிப் பாதைகள், மரங்களுக்கு நடுவே ஒடுங்கிப் போகிறவை, தாண்டிய பந்துக்கு மன்னிப்புக் கிடையாது. ஆக, உங்கள் மிகச் சிறந்த அடிகளுக்குத்தான் தண்டனை கிடைத்திருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அடுத்த அடியில் ‘கொஞ்சம் மெல்ல’ என்று கையைப் பிடித்திருப்பீர்கள். பாதி மனதோடு இறங்கும் மட்டை பந்துக்கு முன்னரே தளர்ந்துவிடும், திரும்பவும் மண். தூரம் தெரியாத குழப்பம் வீச்சைக் கெடுத்திருக்கிறது. பழி மட்டும் வீச்சின் மேல் விழுந்திருக்கிறது. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் அடித்தாலும் இதே குழப்பம் வரும்.

புதிய டிரைவர் வேண்டாம். டிரைவரால் அடிக்கும்போது பந்து டீ என்ற சிறு முளையில் உயர்ந்து நிற்கிறது. உங்கள் வழக்கு தரையில் கிடக்கும் பந்தோடு. விற்பவர் வேறு விதமாகச் சொல்வார், அவருடைய தொழில் அது. அந்தக் காசை வைத்துக்கொண்டு, ஏப்ரல் மாதக் கூட்டமெல்லாம் இறங்கிய பிறகு, வார நாட்களில் நுவரெலியாவில் தங்கி இரண்டு நாள் ஆடுங்கள். முதல் நாள் புள்ளி எழுத வேண்டாம், ஒவ்வொரு மட்டையும் அங்கே எவ்வளவு தூரம் போகிறதென்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மலையில் பழகிய, மட்டைப் பை சுமக்கும் கெடி ஒருவரையும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏழாம் இலக்கத்தைக் கேட்கும்போது அவர் அதைவிடத் தூரம் குறைந்த எட்டாம் இலக்கத்தை உருவி நீட்டினால், மறுபேச்சில்லாமல் வாங்கி முழு வீச்சாக அடியுங்கள்.