மகள் ‘கனேடியர்’ என்று மட்டும் எழுதச் சொன்னால்

வணக்கம். கனடா கணக்கெடுப்புப் படிவத்தில் இனப் பூர்வீகம் கேட்கும் இடத்தில் ‘கனேடியர்’ என்று மட்டும் போடச் சொல்லி மகள் அடம்பிடிக்கிறாள், மனசே விட்டுப்போச்சு என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வலி புரிகிறது. ஆனால் கேள்வியை இன்னொரு தடவை வாசித்துப் பாருங்கள். அது கேட்பது அவளுடைய முன்னோரைப் பற்றி. குடியுரிமைக்குத் தனிக் கேள்வி இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பதிலும் எழுதலாம், ஆகவே ‘தமிழர்’, ‘கனேடியர்’ இரண்டையும் போடுங்கள். 2021இல் 450க்கும் மேற்பட்ட பூர்வீகங்கள் பதிவாயின. அதில் அதிகம் பேர், சுமார் 57 லட்சம் பேர், எழுதியது ‘கனேடியர்’ என்றுதான். அவள் கேட்பது ஒன்றும் புதுமை இல்லை.

என் மகனும் பதினான்கு வயதில் இப்படித்தான். பள்ளியில் பெயரைப் பாதியாக வெட்டிச் சொல்வான். நான் திட்டத் திட்ட, வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிட்டான். அப்புறம் அம்மம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, “சாப்பிட்டியா ராசா?” என்று கேட்டபோதுதான் அவன் வாயிலிருந்து மறுபடி தமிழ் வந்தது. என் திட்டு அதில் ஒரு துளியும் உதவவில்லை.

அதனால் படிவத்தை வைத்துச் சண்டை வேண்டாம். அவளையே பேனா பிடிக்கச் சொல்லுங்கள். பாட்டன், பாட்டி பிறந்த ஊர்களை நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லுங்கள்.